புகை வடிகட்டியில் கரி எரியும் நேரத்தில் டிராக்டர் ஏன் கொதிக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் வட கரோலினாவில் 8 ஏக்கர் நிலம். 37 குதிரைத்திறன் கொண்ட சிறிய டிராக்டர். எஞ்சின் ஓடிய நேரத்தைக் கணக்கிடும் மணிமீட்டர் 310 காட்டுகிறது. ஜூலை வெயிலில் ஆறடி புல்வெட்டியைப் பூட்டி ஓட்டும்போது ரீஜெனரேஷன் விளக்கு எரிகிறது. புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எஞ்சினே எரித்துச் சுத்தம் செய்வதுதான் ரீஜெனரேஷன், சுருக்கமாக ரீஜென். விளக்கு எரிந்த சில நிமிடங்களில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. முதல் வருடம் 40 மணி நேரத்துக்கு ஒருமுறை வந்த அந்த விளக்கு, இப்போது 12 மணி நேரத்துக்கு ஒருமுறை வருகிறது. வேலைக்கு நடுவில் தொந்தரவாக இருக்கிறதே என்று ரீஜெனை நிறுத்தும் தடுப்புப் பொத்தானைச் சில தடவை அழுத்தியும் இருக்கிறீர்கள். பக்கத்துப் பண்ணைக்காரர், வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டால் எல்லாம் தீரும் என்கிறார். ஊரில் அப்பா இருபது வருடம் ஓட்டிய டிராக்டரில் இப்படி ஒரு தொல்லையும் இருந்ததில்லையே என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதில் பல கேள்விகள் இருப்பதுபோல் தோன்றினாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: வடிகட்டி எஞ்சினைச் சூடாக்குகிறதா, அல்லது எஞ்சினின் சூடு வடிகட்டியைக் கெடுக்கிறதா? ஈரோட்டுப் பக்கம் ஒரு டிராக்டர் பட்டறையில் தொழில் பழகி, பிறகு ஜார்ஜியாவில் பதினான்கு வருடமாக இந்தச் சிறிய டிராக்டர்களையே பிரித்துக்கொண்டிருப்பவன் நான். என் கை பட்டவரையில் சொல்கிறேன்: உங்களுடையதைப் போன்ற வண்டிகளில் பெரும்பாலும் மூலக் குற்றவாளி வடிகட்டி அல்ல. காற்று போகும் வழி அடைபட்டிருக்கும். ரீஜென் அந்தக் குறையை அம்பலப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

அப்பாவின் டிராக்டரிலிருந்து தொடங்குவோம். அதில் வடிகட்டி இல்லை. எஞ்சினில் எரியாத கரி முழுவதும் சைலன்சர் வழியாக வெளியே போனது, அதை ஓட்டியவரும் பக்கத்தில் நின்றவர்களும் சுவாசித்தார்கள். அமெரிக்காவில் 19 கிலோவாட்டுக்கு மேற்பட்ட, அதாவது ஏறக்குறைய 25 குதிரைத்திறனைத் தாண்டிய சிறிய டீசல் எஞ்சின்களுக்கு 2013 முதல் நான்காம் நிலை இறுதி (Tier 4 Final) மாசு விதி வந்தது. ஒரு கிலோவாட்-மணி ஆற்றலுக்கு 0.03 கிராமுக்கு மேல் துகள் வெளியேறக் கூடாது என்பது அதன் வரம்பு. அந்த அளவை எட்டப் பெரும்பாலான நிறுவனங்கள் வடிகட்டியைப் பொருத்தின. கடைகளில் 24 சொச்சம் குதிரைத்திறன் என்று எழுதிய மாடல்கள் ஏன் அத்தனை இருக்கின்றன என்று யோசித்திருப்பீர்கள். 25-ஐத் தாண்டாவிட்டால் அந்தக் கடும் வரம்பு பொருந்தாது என்பதே காரணம். இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம்-4 என்ற மாசு விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அப்பாவின் வண்டி எல்லாவற்றுக்கும் முந்தைய காலத்தது.

வடிகட்டி வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்கு மேலேயோ பக்கத்திலேயோ பருத்த உருளை ஒன்று தெரியும். அதற்குள் இரண்டு பகுதிகள். முன்னால் இருப்பது பிளாட்டினம் போன்ற உலோகம் பூசிய வினையூக்கி. பின்னால் இருப்பது பீங்கானால் ஆன தேன்கூடு. சாதாரணத் தேன்கூடு அல்ல அது. ஒரு துளை முன்பக்கம் திறந்து பின்பக்கம் மூடியிருக்கும். அதற்கு அடுத்த துளை முன்பக்கம் மூடிப் பின்பக்கம் திறந்திருக்கும். உள்ளே போன புகை, நடுவில் இருக்கும் சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் அடுத்த துளைக்குத் தாண்டி வெளியேற முடியும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டியின் வேலையைப் பார்க்க வேண்டுமானால், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு புகைக்குழாயின் வாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். துணி சற்றே சாம்பல் நிறமாகலாம், கறுப்பாகக் கூடாது. 310 மணி நேரம் டீசல் எரித்த எஞ்சினின் குழாய், சமையலறைப் புகைபோக்கியைவிடச் சுத்தமாக இருக்கும். துணியில் கறுங்கரி ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது என்று பொருள்.

தங்கிய கரியை எப்படியாவது அகற்ற வேண்டுமல்லவா? அதற்கு இரண்டு வழிகள். எஞ்சின் நல்ல சுமையில் உழைக்கும்போது புகையே 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. அந்தச் சூட்டில் நைட்ரஜன் டை ஆக்சைடு கரியை மெல்ல மெல்லத் தின்றுவிடும். உங்களுக்கு விளக்கு எரியாது, ஒன்றும் தெரியாது. இரண்டாவது வழிதான் விளக்கு எரிகிற வழி. கரி ஓர் அளவைத் தாண்டியதும் எஞ்சினின் கணினி, காற்று நுழையும் வாயைக் கொஞ்சம் அடைத்து, வழக்கமான நேரத்துக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறது. அது வினையூக்கியில் போய் எரிந்து, பின்னால் இருக்கும் பீங்கானை 600 டிகிரி அளவுக்குக் கொண்டுபோகிறது. அந்தச் சூட்டில் கரி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிந்துவிடுகிறது. மாடலுக்கு ஏற்ப 15 முதல் 30 நிமிடம் பிடிக்கும்.

இப்போது உங்கள் முள்ளுக்கு வருகிறேன். 600 டிகிரி என்றதும், அந்தச் சூடுதான் எஞ்சினைக் கொதிக்க வைக்கிறது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் சூடு பிறக்கும் இடம் எஞ்சினுக்கு வெளியே. பெரும்பகுதி புகையோடு சேர்ந்து குழாய் வழியாகப் போய்விடும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரான கூலன்டில் சேர்வது ஓரளவு மட்டும்தான். காற்றை அடைத்துத் தாமதமாக டீசல் பீய்ச்சும்போது சிலிண்டரை விட்டு வெளியேறும் வாயு கூடுதல் சூட்டோடு வெளியேறுகிறது. எஞ்சின் தலைப்பகுதியில் அது போகும் பாதையைச் சுற்றி இருக்கும் தண்ணீர் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. பானட்டுக்குள் இருக்கும் காற்றும் சூடேறுகிறது. குளிரூட்டும் அமைப்பு ஆரோக்கியமாக உள்ள வண்டியில் இதன் விளைவு, முள் ஒரு கோடு அளவுக்கு நகர்வது மட்டுமே. பல வண்டிகளில் அதுகூடத் தெரியாது. சிவப்பை நெருங்குகிறது என்றால், ரீஜென் தொடங்குவதற்கு முன்பே உங்கள் ரேடியேட்டர் தன் முழுத் திறனையும் செலவழித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.

அந்தத் திறன் எங்கே போனது என்பதுதான் அடுத்த கேள்வி. சென்ற வருடம் ஆகஸ்டில், ஏறக்குறைய உங்களுடைய குறையையே சொல்லிக்கொண்டு ஒருவர் வண்டியை டிரெய்லரில் ஏற்றி வந்தார். முன்பக்க வலையைத் தினமும் சுத்தம் செய்கிறேன் என்றார், பொய் சொல்லவில்லை. ரேடியேட்டருக்கு முன்னால் செருகியிருக்கும் வலையைத் தூக்கிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. ஆனால் ஏசி வைத்த கேபின் வண்டி அது. வலைக்குப் பின்னால் ஏசியின் கண்டென்சர், அதற்குப் பின்னால் ஹைட்ராலிக் ஆயில் கூலர், அதற்கும் பின்னால் ரேடியேட்டர் என்று மூன்று அடுக்குகள். கண்டென்சரின் போல்ட்டைத் தளர்த்தி முன்னால் சாய்த்ததும், ரேடியேட்டரின் முகம் முழுவதும் சாம்பல் பச்சை நிறத்தில் ஒரு விரிப்பு. விரல் நகத்தை ஓரத்தில் கொடுத்து உரித்தேன். வாசலில் போடும் தென்னைநார் மிதியடியைப் போல ஒரே துண்டாகக் கழன்று வந்தது. வலையின் கண்ணுக்குள் நுழையும் அளவுக்குப் பொடியான புல்விதையும் பூந்தாதும், கசிந்த எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டி அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தன. அதை அகற்றிய பிறகு அதே வண்டியில், அதே வெயிலில், பட்டறை வாசலிலேயே நிறுத்தி ரீஜென் செய்தோம். முள் அசையவில்லை. வடிகட்டியை நாங்கள் தொடவே இல்லை.

உங்கள் வண்டியிலும் இதையே முதலில் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். மாலை இருட்டிய பிறகு, ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் பக்கம் ஒரு டார்ச்சை வைத்து, முன்னால் நின்று தகடுகளின் இடுக்கு வழியாகப் பாருங்கள். வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். இருண்ட திட்டுகள் தெரிந்தால் அடைப்பு அங்கேதான். கம்ப்ரசர் காற்றை ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கி, குறைந்த அழுத்தத்தில், தகடுகளுக்கு நேராகப் பிடித்து ஊதுங்கள். முன்னாலிருந்து ஊதினால் குப்பையை இன்னும் உள்ளே திணிக்கிறீர்கள். கார் கழுவும் உயரழுத்தத் தண்ணீரை வேண்டவே வேண்டாம். அந்த அலுமினியத் தகடுகள் காகிதம்போல மடங்கிவிடும், மடங்கிய இடத்தில் பிறகு காற்றே போகாது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வீட்டில் பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து ஊறவிட்டுச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள். பக்கவாட்டுத் தட்டிகள், ரேடியேட்டரைச் சுற்றிய ரப்பர் அல்லது பஞ்சு ஓரங்கள் எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்த ஓரம் கிழிந்திருந்தால் ஃபேன் முன்பக்கக் குளிர்ந்த காற்றை இழுக்காமல், எஞ்சினைச் சுற்றி வந்த சூடான காற்றையே திரும்பத் திரும்ப இழுக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். ரேடியேட்டர் வழியாக வரும் அதே காற்றுதான் எஞ்சினையும் வடிகட்டியின் உடம்பையும் தடவிக்கொண்டு பின்னால் போகிறது. முன்னால் அடைத்தால் தண்ணீரின் சூடும் குறையாது, வடிகட்டியைச் சுற்றிய சூடும் வெளியேறாது. விளக்கும் முள்ளும் கூட்டுச் சேர்ந்து வருவதுபோல் உங்களுக்குத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. உச்சி வெயிலில் உயரமான புல்லை வெட்டும்போதுதான் உங்கள் எஞ்சின் அதிகம் உழைக்கிறது. நீங்கள் அதிக நேரம் ஓட்டுவதும் அப்போதுதான். ஆகவே ரீஜென் அந்த நேரத்தில் வந்து விழுவதற்கான வாய்ப்பும் அதிகம். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒன்றால் மற்றது நடந்தது என்று மனம் முடிச்சுப் போட்டுவிடுகிறது.

அதனால் இரண்டையும் பிரித்துச் சோதிக்க வேண்டும். ரேடியேட்டரை முழுக்கச் சுத்தம் செய்த பிறகு, ரீஜென் விளக்கு எரியாத நேரத்தில், வழக்கமான புல்லில் ஒரு மணி நேரம் ஓட்டி முள்ளைப் பாருங்கள். அப்போதும் ஏறினால் குறை குளிரூட்டும் அமைப்பில் இருக்கிறது, வடிகட்டியை மறந்துவிடுங்கள். ஏறவில்லையென்றால், அடுத்த முறை கணினி ரீஜென் கேட்கும்போது புல்வெட்டியை நிறுத்தி, வண்டியை ஓரங்கட்டி, நின்ற இடத்திலேயே ரீஜென் செய்து பாருங்கள். சுமையே இல்லாமல் முள் ஏறுகிறது என்றால் தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். நின்றபடி ரீஜென் செய்யும்போது பெரும்பாலான மாடல்களில் எஞ்சின் முழு வேகத்தில் ஓடாது, அதனால் பெல்ட்டில் சுழலும் ஃபேனும் தண்ணீர்ப் பம்பும் மெதுவாகவே சுற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றுவிட்டால் கவலை இல்லை. ஏறிக்கொண்டே போனால் கவலைப்பட வேண்டும்.

அந்தச் சோதனையை எங்கே செய்கிறீர்கள் என்பது உயிர்போகும் விஷயம். ரீஜென் நடக்கும்போது புகைக்குழாய் வாயிலிருந்து வரும் காற்று காய்ந்த புல்லைப் பற்றவைக்கும். சரளைக்கல் போட்ட இடமோ வெறும் மண்ணோ போதும். வைக்கோல், கொட்டகை, வேலி, இன்னொரு வண்டி எதுவும் அருகில் வேண்டாம். தொடங்குவதற்கு முன் பானட்டைத் திறந்து வடிகட்டியின் மேலும் அதன் தாங்கிகளின் இடுக்கிலும் உட்கார்ந்திருக்கும் புல்லைக் கையால் அள்ளி எடுத்துவிடுங்கள். எலிக்கூடும் இருக்கலாம், குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது அது. கொட்டகைக்குள் நிறுத்தி ரீஜென் செய்யவே செய்யாதீர்கள்.

சுத்தம் செய்தும் சூடு தீரவில்லை என்றால் எங்கே தேடுவது? மலிவானதிலிருந்து தொடங்குங்கள். ஆறிய எஞ்சினில் கூலன்ட் அளவைப் பாருங்கள். பக்கத்துச் சிறு தொட்டியை மட்டும் நம்பாமல் ரேடியேட்டர் வாய் வரை இருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். பாதிக்குப் பாதி கலந்த எத்திலீன் கிளைக்கால் கலவை சாதாரண அழுத்தத்தில் 107 டிகிரியில் கொதிக்கும். நல்ல மூடி தரும் அழுத்தத்தில்தான் அந்த வரம்பு 120-ஐத் தாண்டிப் போகிறது. மூடி தளர்ந்தால், வேறு எதுவும் கெடாமலேயே கொதிக்கும். பிறகு ஃபேன் பெல்ட்டின் இறுக்கம். பிறகு தெர்மோஸ்டாட்: எஞ்சின் சூடேறிய பின்னும் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் அது திறக்கவில்லை. இருபது முப்பது டாலருக்குக் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கித் தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் பிடித்துப் பாருங்கள். முள் சிவப்பைக் காட்டும்போது அங்கே 90 டிகிரிதான் இருக்கிறது என்றால், கெட்டது எஞ்சின் அல்ல, முள்ளுக்குச் செய்தி சொல்லும் சென்சார். அதையே காரணமாகக் கொண்டு எஞ்சினைப் பிரித்த கதைகளும் உண்டு.

வடிகட்டிக்கும் தண்ணீருக்கும் உண்மையாகவே நேரடித் தொடர்பு உள்ள ஓர் இடம் இருக்கிறது. உங்கள் வண்டியில் அது இருக்குமென்று சந்தேகிக்கிறேனா என்றால், இப்போதைக்கு இல்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இந்த எஞ்சின்களில் புகையில் ஒரு பங்கை மறுபடியும் உள்ளே அனுப்புகிறார்கள். அனுப்பும் முன் அதை ஒரு சிறிய கூலரில் குளிர்விக்கிறார்கள். அதைக் குளிர்விப்பது எஞ்சினின் கூலன்டேதான். அந்தக் கூலர் உள்ளே விரிசல் விட்டால் தண்ணீர் புகைக்குள் கசியும். வெளியே ஒரு சொட்டும் விழாது, ஆனால் கூலன்ட் குறைந்துகொண்டே போகும். புகை வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வரும். போகப் போக வடிகட்டியும் கெடும். ஊற்ற ஊற்றக் கூலன்ட் குறைகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை என்ற நிலை வந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சிலிண்டர் தலை கேஸ்கெட் போயிருந்தாலும் இதே அறிகுறிகள் தெரியும். ரேடியேட்டர் வாயில் ஒரு குழாய் வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது; எரிந்த வாயு கலந்திருந்தால் நீலத் திரவம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். பத்து நிமிட வேலை.

இனி 40 மணி நேரம் ஏன் 12 ஆனது என்பது. இங்கேதான் எனக்கு உறுதி குறைகிறது, ஏனென்றால் கரி சேர்வதற்குக் காரணங்கள் பல. இருந்தாலும் நீங்களே எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது: தடுப்புப் பொத்தான். பாதியில் நிறுத்திய ரீஜென், பாதி மட்டுமே எரித்தது. அடுத்த ரீஜென் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை, நிறுத்திய இடத்திலிருந்து தொடங்குகிறது. ஆகவே சீக்கிரமே மறுபடியும் கேட்கும். நீங்கள் மறுபடியும் அழுத்துகிறீர்கள். கணக்கு மேலே மேலே போகிறது. இதோடு இன்னொரு நட்டம்: தாமதமாகப் பீய்ச்சும் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் பட்டு எஞ்சின் ஆயிலில் இறங்கிவிடும். அரைகுறை ரீஜென்கள் பெருகப் பெருக ஆயிலில் டீசலும் பெருகும். இன்றே ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மேல் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தாலோ, மூக்கருகே வைத்தால் டீசல் வாடை அடித்தாலோ, மணிக்கணக்கைப் பார்க்காமல் ஆயிலை மாற்றுங்கள். ஆயில் கூடுவது நல்ல செய்தி என்று நினைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தேய்க்கும். அளவு மிகவும் கூடினால் எஞ்சின் அதையே எரிபொருளாகக் குடித்துக் கட்டுப்பாடின்றி ஓடவும் கூடும்.

அடுத்து, எந்த வேகத்தில் ஓட்டுகிறீர்கள்? டீசல் மிச்சமாகும், எஞ்சினுக்கு நல்லது என்று எண்ணி நிமிடத்துக்கு 1500 சுற்றில் மண் அள்ளும் லோடர் வேலை பார்ப்பது, பேசிக்கொண்டே அரை மணி நேரம் ஐடிலில், அதாவது வேலையின்றி மெதுவாக ஓட விடுவது ஆகிய இரண்டும் இந்த எஞ்சின்களுக்கு விஷம். புகை சூடேறாது, தானாக எரியும் முதல் வழி நடக்காது, கரி தங்கும். புல்வெட்டும்போது, புல்வெட்டியைச் சுழற்றும் தண்டான பிடிஓ-வுக்குரிய 540 சுற்று வரும் வேகத்திலேயே ஓட்டுங்கள். பெரும்பாலான சிறிய டிராக்டர்களில் அது எஞ்சினின் 2400 முதல் 2600 சுற்றுக்குள் வரும். அந்த வேகத்தில் ஃபேனும் வேகமாகச் சுற்றும், முள்ளும் இறங்கும். ஒரே செயலில் உங்கள் இரண்டு குறைகளுக்கும் மருந்து. ஏர் ஃபில்டரையும் பாருங்கள். காற்று குறைந்தால் கரி கூடும், வெளியேறும் புகையின் சூடும் கூடும். டர்போ ஹோஸில் ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும் அதே கதைதான்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் 12 மணி நேரம் மாறவில்லை என்றால், வடிகட்டியின் இரு பக்க அழுத்தத்தையும் ஒப்பிடும் சென்சாரின் மெல்லிய குழாய்கள் விரிசல் விட்டோ அடைத்தோ இருக்கலாம். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் ஒன்று ஒழுகலாம். புகையைத் திருப்பி அனுப்பும் வால்வு கரி பிடித்துச் சிக்கியிருக்கலாம். இவற்றை வீட்டில் கண்டுபிடிப்பது கடினம். டீலரின் கணினியைச் செருகிக் கரியின் அளவையும் கடந்த ரீஜென்களின் பட்டியலையும் படித்தால் கால் மணி நேரத்தில் தெரியும். நான் ஊகிப்பதைவிட அந்தப் பட்டியலை நம்புங்கள்.

வடிகட்டியே நிறைந்துவிட்டதோ என்ற பயம் இப்போது வேண்டாம். எரிந்து போகாமல் தங்குவது கரி அல்ல, சாம்பல். எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் கால்சியம், துத்தநாகம் போன்ற உலோகங்களின் மிச்சம். உங்கள் அளவு எஞ்சின்களில் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யும் இடைவெளி பொதுவாக 3000 மணி நேரம். 310-இல் அது நிறைய வேண்டுமானால் தவறான ஆயில் ஊற்றியிருக்க வேண்டும். டப்பாவின் மேல் சிஜே-4 அல்லது சிகே-4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். சாம்பல் குறைந்த அந்த வகைகள்தான் வடிகட்டி வைத்த எஞ்சினுக்கு உரியவை. டீசலும் கந்தகம் 15 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 15 பங்குக்கு) மிகாததாக இருக்க வேண்டும். அமெரிக்கப் பம்புகளில் இன்று கிடைப்பது அதுதான்.

கழற்றி எறிவதைப் பற்றி. அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி அது சட்டவிரோதம். கழற்றித் தரும் பட்டறைக்கும் அபராதம் உண்டு. உங்கள் வண்டியின் மாசுக்கட்டுப்பாட்டு உறுப்புகளுக்குச் சட்டப்படியான உத்தரவாதம் 5 வருடம் அல்லது 3000 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அதுவரை. வடிகட்டி புதிதாக வாங்கினால் சில ஆயிரம் டாலர் ஆகும். அந்தப் பாதுகாப்பை நீங்களே உதறுவானேன்? அதையும்விட, கழற்றினால் உங்கள் குறை தீராது. ரேடியேட்டர் அடைத்திருந்தால் அடைத்தபடியேதான் இருக்கும். முள் அடுத்த ஜூலையில் மறுபடியும் ஏறும்.

என் மனதில் உள்ள காரணம் வேறு. ஈரோட்டுப் பட்டறையில் மாலையில் முகம் துடைத்தால் துண்டு கறுப்பாகும். மூக்கைச் சிந்தினாலும் கறுப்புதான். மூடிய கொட்டகையில் டிராக்டரை ஓடவிட்டு டியூன் செய்வோம், அதுதான் தொழில் என்று இருந்தோம். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012 ஜூனில் முதல் பிரிவில் வகைப்படுத்திய செய்தியைப் படித்த அன்று, அந்தக் கொட்டகையில் என்னோடு நின்ற ஒவ்வொருவரின் முகமும் நினைவுக்கு வந்தது. சிறிய டிராக்டரில் ஓட்டுபவரின் முகத்துக்கும் புகைக்குழாய்க்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று உங்கள் இருக்கையில் உட்கார்ந்து அளந்து பாருங்கள். அந்தப் பீங்கான் கூட்டைக் கழற்றித் தரச் சொல்லி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் மறுத்துவிடுவது இதனால்தான்.

இடையில் முள் சிவப்பைத் தொட்டுவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிடிஓ-வை உடனே விலக்குங்கள். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் நடுத்தர வேகத்தில் சுமையின்றி ஓடவிடுங்கள். ஃபேன் சூட்டை இழுத்துக்கொள்ளும். ரீஜென் நடந்துகொண்டிருந்தால் அந்த ஒருமுறை மட்டும் தடுப்புப் பொத்தானைத் தாராளமாக அழுத்துங்கள். எஞ்சின் தலை வளைவதைவிட ஒரு ரீஜென் போவது சிறிய இழப்பு. ஆவி கிளம்பினாலோ கூலன்ட் வெளியே கொட்டினாலோ மட்டும் உடனே அணையுங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள், அதன்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் வேண்டாம்.

மற்ற நேரங்களில் விளக்கு எரிந்தால் முடியும்வரை விடுங்கள். கரி அளவு மீறிச் சேர்ந்த பிறகு ரீஜென் தொடங்கி, நடுவில் எஞ்சினை அணைத்தால், எரியும் சூட்டை வெளியே கொண்டுபோகக் காற்றோட்டம் இருக்காது. பீங்கான் வெடிப்பது அப்படித்தான். இன்னும் அளவு மீறினால் வண்டியே தன் திறனைக் குறைத்துக்கொண்டு, டீலரின் கணினி இல்லாமல் ரீஜென் செய்ய மறுத்துவிடும்.

இந்த வாரக் கடைசியில் ரேடியேட்டரை அடுக்கடுக்காகப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள், ஆயில் குச்சியைப் பாருங்கள், ஏர் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள். பிறகு ஒரு சிறு நோட்டை இருக்கைக்குக் கீழே வைத்து, விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் மணிமீட்டர் எண், வெளியே இருக்கும் வெயில், என்ன வேலை, முள் எதுவரை ஏறியது, ரீஜென் முடிந்ததா நிறுத்தினீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள். அடுத்த மூன்று ரீஜென்களுக்கான வரிகளை இங்கே போடுங்கள். டீலரிடம் போக வேண்டி வந்தாலும் அதே நோட்டைக் காட்டுங்கள். வண்டியைத் திறப்பதற்கு முன்பே அவருக்கு எங்கே கைவைக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.